சாயம் ஏறாத தொப்பி!

தியானம் என்ற சொல் காதில் விழுந்த உடனே நம் தோழர்களின் முகத்திலே ஒரு புன்னகை மலரும். மான்தோல், கமண்டலம், மூடிய விழி, திறந்த உண்டியல் - இத்தனையும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன அல்லவா! புன்னகைக்குக் காரணம் உண்டு. கண்ணை மூடியவர்கள் இந்த நாட்டிலே ஏராளம். மூடிய கண்ணுக்குள் கண்டது என்ன என்று கேட்டால், ஜோதி என்பார்கள், பிரம்மம் என்பார்கள், பேரின்பம் என்பார்கள். தெருக்கோடியிலே நிறுத்தி வைக்கப்பட்டவனைக் கண்டோம் என்று சொன்னவர்கள் மிகச் சிலர்! ஊர்க்குளத்தில் இறங்கக் கூடாதென்று விரட்டப்பட்டவனின் தாகம், அவர்களுடைய மோனத்திலே குறுக்கிட்டதே இல்லை.

அந்த மோனத்தின் பெருமை பாட நாம் வரவில்லை. அதைப் பாடப் பலர் இருக்கின்றனர். இந்நாளில் அது கடைச்சரக்காகவும் ஆகிவிட்டது. அலுவலகத்திலே பத்து மணி நேரம் பிழியப்படுகிறவனுக்கு, கைப்பேசியிலே பத்து நிமிட மன அமைதி! பிழிவது நிற்க வேண்டியதில்லை. பிழியப்படுகிறவன் முனகாமல் இருந்தால் போதும்!

நாம் பேச வந்தது வேறொரு மௌனம் பற்றி. வாயை அடைக்கும் மௌனமல்ல. வாயிலிருந்து உண்மையை வரவழைக்கும் மௌனம். கடவுளிடம் வரம் கேட்கும் மௌனமல்ல. மனிதனிடம் கணக்குக் கேட்கும் மௌனம். அதன் கதை நடந்த இடம் இமயத்துக் குகையுமல்ல, இராமேசுவரத்துக் கரையுமல்ல. அமெரிக்காவிலே, நியூஜெர்சி என்ற குடியேற்றத்திலே, மவுண்ட் ஹாலி என்ற சிற்றூரின் ஒரு கடையிலே!

அந்தக் கடையில் கணக்கெழுதி வந்தவர் ஜான் வூல்மன். 1720 இல் பிறந்தவர். குவேக்கர் என்று உலகம் அழைக்கும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவினரின் கூட்டம் விந்தையானது. பலிபீடம் இல்லை, படையல் இல்லை, பாட்டு இல்லை, புரோகிதன் இல்லை! மரப்பலகைகளிலே ஆணும் பெண்ணும் அமர்வர். பேசமாட்டார்கள். யாருடைய உள்ளத்திலாவது சொல்லியே தீரவேண்டிய ஒன்று எழுந்தால், அவர் எழுவார், சொல்வார், அமர்வார். மீண்டும் அமைதி. பெண் எழுந்து பேசலாம், ஏழை எழுந்து பேசலாம், எழுத்தறியாதவனும் பேசலாம். முடிவெடுக்க வேண்டுமா? கைதூக்கி எண்ணுவதில்லை. எல்லோர் கருத்தும் ஓரிடம் வந்து சேரும்வரை காத்திருப்பார்கள். ஆண்டுக் கணக்கிலே ஆனாலும் காத்திருப்பார்கள்!

வூல்மனுக்கு வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ இருக்கும். ஒருநாள் முதலாளி அவரை அழைத்து, விற்பனைப் பத்திரம் ஒன்று எழுதச் சொன்னார். விற்கப்பட்ட பொருள்? மூட்டை அல்ல, முட்டை அல்ல - ஒரு கருப்பினப் பெண்! வாங்க வந்து காத்திருந்தவர்? அதே குவேக்கர் பிரிவைச் சேர்ந்த முதியவர் ஒருவர்! வூல்மன் எழுதினார். எழுதும்போதே உள்ளம் பதைத்தது. பத்திரம் முடிகிற நேரத்தில், முதலாளியின் முன்னாலேயே, மனிதரை அடிமையாக வைத்திருப்பது தம் சமயத்துக்கே ஒவ்வாதது என்று சொல்லிவிட்டார். அதன்பின் அத்தகைய பத்திரம் எழுத அவர் பேனா மறுத்துவிட்டது. உயில் எழுதித் தரும்படி அயலார் வருவர். வீட்டை எழுதுவார், நிலத்தை எழுதுவார். அடிமையை இன்ன மகனுக்கு விட்டுச் செல்கிறேன் என்ற வரி வந்ததும் பேனாவை வைத்துவிடுவார். ஏன் என்று அவர்கள் கேட்பர். இவர் சொல்வார். ஒருவர் அந்த உரையாடலின் முடிவிலே அடிமைப் பெண்ணை விடுதலை செய்யவே உடன்பட்டார்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு பேனா எழுத மறுத்தது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் படை இல்லை, பட்டாளம் இல்லை, பத்திரிகை கூட இல்லை. தினந்தோறும் தன் செயலைத் தானே நிறுத்திப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் பழக்கத்தினாலே எழுதினார்கள். அவர் பழக்கத்தை நிறுத்தி வைத்து எழுதலாமா என்று கேட்டார். பகுத்தறிவு என்று நாம் சொல்வதும் இதைத்தானே!

அவர் காலத்திலேயே இன்னொருவரும் இருந்தார் - பெஞ்சமின் லே. நாலடி உயரம், கூன் விழுந்த முதுகு, எரிமலை உள்ளம்! 1738 இல் பர்லிங்டன் நகரில் கூடிய குவேக்கர் மாநாட்டிலே, மேலங்கிக்குள் போர்வீரன் உடையும் வாளும் மறைத்துக்கொண்டு நுழைந்தார். உள்ளே குடையப்பட்ட புத்தகம் ஒன்றிலே, செந்நிறப் பழச்சாறு நிரப்பிய பை வைத்திருந்தார். அடிமை வைத்திருப்பவனின் இரத்தத்தைக் கடவுள் இவ்வாறே சிந்துவார் என்ற பொருள்பட முழங்கி, வாளால் புத்தகத்தைக் குத்தினார். சாறு இரத்தம்போலப் பீறிட்டு அருகில் இருந்தவர்கள்மீது தெறித்தது! அந்த ஆண்டே அவரைச் சபை விலக்கி வைத்தது.

லே தீயாக வந்தார். வூல்மன் நீராக வந்தார். இருவரில் யார் பெரியவர் என்று பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. தீ இல்லாவிட்டால் தூங்கியவர்கள் விழித்திருக்கமாட்டார்கள். நீர் இல்லாவிட்டால் விழித்தவர்கள் மாறியிருக்கமாட்டார்கள். நம் இயக்கங்களிலே லேக்கள் இருக்கிறார்கள், வாழ்க அவர்கள்! வூல்மன்கள் போதுமா என்பதே நம் கேள்வி.

வூல்மன் செய்தது என்ன? நடந்தார். குதிரையிலும் கால்நடையாகவும் மேரிலாந்து, வர்ஜீனியா என்று அடிமை முறை வேரோடியிருந்த பகுதிகளுக்குச் சென்றார். அடிமை வைத்திருந்தவர் வீட்டிலே தங்க நேர்ந்தால், புறப்படும்போது வெள்ளிக்காசுகளைத் தருவார் - தமக்கு ஊழியம் செய்த அடிமைகளுக்கு! விருந்துக்கு விலையா என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். உழைப்புக்குக் கூலி என்பது இவருடைய விளக்கம். வீட்டுக்காரரைத் திட்டவில்லை. தனியாக உட்காரவைத்து, மெல்ல, விடாமல், மீண்டும் மீண்டும் பேசினார். எதிரியை அடித்து வீழ்த்துவது அவர் நோக்கமன்று. எதிரியே இல்லாமல் செய்வது நோக்கம்!

1758 இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபைக் காரியங்களில் பங்கு பெறலாகாது என்று முடிவு செய்தது. அடிமை உடையோரை வீடு வீடாகச் சென்று காண ஒரு குழுவையும் அமைத்தது. வூல்மன் அதில் ஒருவர். அந்தச் செய்தி கிழவர் லேயின் செவிக்கு எட்டியது. இனி நிம்மதியாகச் சாவேன் என்று மகிழ்ந்ததாக அவர் வரலாற்றை எழுதியவர் கூறுகிறார். மறு ஆண்டு மறைந்தார். 1776 இல் அந்தக் கூட்டம் இறுதி முடிவுக்கு வந்தது: அடிமை வைத்திருப்பவன் நம்மவன் அல்லன்!

விதை கடல் கடந்தது. 1787 மே 22 அன்று இலண்டனிலே, ஓர் அச்சகத்திலே, பன்னிருவர் கூடி அடிமை வாணிப ஒழிப்புக் குழுவை அமைத்தனர். பன்னிருவரில் ஒன்பதின்மர் குவேக்கர்கள்! நாடாளுமன்றம் 1791 இல் அவர்கள் கோரிக்கையை மறுத்தது. மக்கள் விடவில்லை. அடிமையின் இரத்தம் கலந்த சர்க்கரை எங்கள் தேநீருக்கு வேண்டாம் என்று இல்லத்தரசிகள் கிளம்பினர். சர்க்கரையைத் துறந்தவர் மூன்று இலட்சம் பேர் என்று மதிப்பிட்டார் தாமஸ் கிளார்க்சன். 1807 இல் அடிமை வாணிபத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1833 இல் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் வந்தது. வூல்மன் இதில் எதையும் காணவில்லை. 1772 இல் இங்கிலாந்தின் யார்க் நகரிலே, அம்மை நோயால், ஐம்பத்தோராவது வயதில் மறைந்துவிட்டார்.

இங்கே நம் பகுத்தறிவுத் தோழர் குறுக்கிடுவார், குறுக்கிடத்தான் வேண்டும்! "அவர்கள் மௌனத்திலே கேட்டது கடவுளின் குரல் என்றல்லவா சொன்னார்கள்? அதை நாம் எப்படி ஏற்பது?" ஏற்க வேண்டியதில்லை. ஒரு மனிதன் ஓசையடங்கிய இடத்தில் உட்கார்ந்து, தான் செய்வது சரியா என்று தன்னையே கேட்கும்போது எழும் விடைக்கு அவர்கள் ஒளி என்று பெயரிட்டார்கள். நாம் அறிவு என்று பெயரிடுகிறோம். மனச்சான்று என்றாலும் வழக்கில்லை. வானத்திலிருந்து வந்ததென்று நம்பாமலே அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். நம்பாதவன்தான் இன்னும் கூர்மையாகக் கேட்க முடியும்; தவறினால் மன்னிக்க மேலே ஒருவர் இருக்கிறார் என்ற வசதி அவனுக்கு இல்லையே!

இரண்டாவது மறுப்பு இதைவிட வலியது. அடிமை முறையை எதிர்த்து நால்வர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஜெர்மன்டவுன் என்ற ஊரிலிருந்து குவேக்கர் சபைக்கு வந்தது 1688 இல். சபை அதைக் கிடப்பிலே போட்டது. இறுதி முடிவு வந்ததோ 1776 இல். இடையிலே எண்பத்தெட்டு ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் அவர்கள் வாரந்தோறும் மௌனமாக அமர்ந்தார்கள். எழுந்து வீட்டுக்குப் போனார்கள். அங்கே அடிமை சமைத்த சோற்றை உண்டார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் அவர்களே அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஜப்பானைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜென் மடங்கள் பல, பேரரசின் படையெடுப்பை வாழ்த்தின. அசையாமல் உட்காரக் கற்றுத் தந்த கலை, கை நடுங்காமல் சுடவும் உதவிற்று!

ஆகவே மௌனம் தானாகவே அறமாகிவிடாது. அது ஒரு கத்தி. காயும் நறுக்கும், கழுத்தும் அறுக்கும். அது அறத்தின் பக்கம் நிற்க மூன்று காவல்கள் வேண்டும் என்று நாம் கருதுகிறோம். அந்த அறையிலே குருபீடம் இருக்கக் கூடாது. எவரும் எழுந்து எவரையும் கேட்கலாம் என்ற உரிமை இருக்க வேண்டும். எண்ணத்துக்கு எதிரே, பிரம்மம் போன்ற கைக்கெட்டாத பொருளை வைக்காமல், நாம் உண்ணும் சோறு, உடுக்கும் துணி, கொடுக்கும் கூலி ஆகியவற்றை வைக்க வேண்டும். கண்டதை அடுத்த வாரத்துக்குள் ஒரு செயலாக்க வேண்டும்; செயல் பிறக்காத மௌனத்தைச் சோம்பல் என்றே அழைக்க வேண்டும். வூல்மனிடம் இம்மூன்றும் இருந்தன. அவரை அடக்கி வைக்க முயன்ற பணக்காரக் குவேக்கர்களிடம் நாற்காலியும் அமைதியும் மட்டுமே இருந்தன.

வூல்மனுடைய நாட்குறிப்பு அவர் மறைந்தபின் 1774 இல் நூலாக வெளிவந்தது. அடிமை ஒழிப்பு வரலாற்றுக்காகத்தான் நாம் அதைக் கையிலெடுத்தோம். நம்மைப் பிடித்து நிறுத்தியதோ ஒரு தொப்பி!

அந்நாளைய கனவான்கள் சாயமேற்றிய தொப்பியும் சாயமேற்றிய உடையும் அணிந்தனர். வூல்மன் 1762 வாக்கில் சாயம் ஏறாத, இயற்கை நிறத் தொப்பிக்கு மாறினார். உடையும் அவ்வாறே. பைத்தியமோ என்று ஊர் சிரித்தது. அவர் சொன்ன காரணம் எளியது: சாயம் துணியின் அழுக்கைப் போக்குவதில்லை, மறைக்கிறது; அழுக்கை மறைப்பதைவிடத் துவைப்பது நன்று! தம் கடை வாணிபம் பெருகியபோது, தேவைக்குமேல் பெருகுகிறது என்று அதைக் கைவிட்டு, தையலும் பழத்தோட்டமும் போதும் என்று நின்றவர் அவர். இங்கிலாந்திலே விரைவு வண்டிகளில் ஏற மறுத்தார். குதிரைகள் ஓடி ஓடிச் சாகின்றன, வண்டிச் சிறுவர் குளிரில் விறைக்கின்றனர் என்று கேள்விப்பட்டு, இலண்டனிலிருந்து வடக்கே நடந்தே சென்றார். இன்றைய ஆடம்பரத்துக்காக மண்ணை வறளச் செய்வது, பின்னால் வரும் தலைமுறைக்கு இழைக்கும் தீங்கு என்று தம் கடைசி ஆண்டில் எழுதினார். ஆண்டு 1772! புகைபோக்கிகள் வானத்தைக் கறுப்பாக்கத் தொடங்குமுன்னரே, ஒரு தையற்காரர் கண்ட உண்மை இது. அடிமையின் முதுகும் நிலத்தின் முதுகும் ஒரே பேராசையின் சாட்டையால் அடிபடுகின்றன என்பதைக் கண்டுவிட்டார்!

அந்தத் தொப்பியைப் பற்றிப் படித்தபோது நம் நினைவு நொய்யலுக்குச் சென்றது. திருப்பூரிலே உலகத்துக்கு உடை தைக்கிறோம், பெருமை! அந்த உடைக்கு ஏறிய சாயத்தின் மிச்சம் எங்கே சென்றது? ஆற்றுக்குச் சென்றது. 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசன நீரைத் தேக்க வேண்டியது - சாயக்கழிவைத் தேக்கிற்று. தண்ணீர் வேண்டும் என்று கேட்கும் உழவனே, இந்தத் தண்ணீரைத் திறக்காதீர் என்று மன்றாடினான்! 2011 சனவரியிலே, கழிவை முற்றாகச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆறு ஒருபுறம் அழுதது. வேலையிழந்த தொழிலாளி மறுபுறம் அழுதான். கரை வேட்டி கட்டுகிறோம், தோழர்களே! அந்தக் கரையின் கறை எந்த ஆற்றிலே கரைந்தது என்று கேட்கும் நேரம் எது? மேடையிலா? மேடை பதில் சொல்லும் இடம். கேள்வி பிறக்க வேறோர் இடம் வேண்டும்.

அந்த இடத்தை நம் படிப்பகத்திலே அமைத்துப் பார்த்தோம். ஞாயிறு மாலை, அரை மணி நேரம். ஊதுவத்தி இல்லை, மந்திரம் இல்லை, முதுகை இப்படி வளை என்ற கட்டளை இல்லை. கரும்பலகையிலே ஒரு கேள்வி எழுதப்படும், ஒரு கேள்விதான். கைப்பேசிகள் ஒரு கூடையில் உறங்கும். எண்ணியபின், சொல்ல இருப்பவர் சொல்லலாம். ஒருவர் பேசி முடித்து ஒரு நிமிடம் கழியாமல் மற்றவர் பேசலாகாது. அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அது நம்மைப் போன்ற பேச்சாளர்களுக்குப் பெருந்தண்டனை! அடுத்தவன் பேசும்போதே பதிலைத் தீட்டி வைக்கும் பழக்கம் அந்த நிமிடத்திலே மூச்சுத் திணறியது.

ஒரு வாரம், நம் மாநாட்டுக்குப் பின் எஞ்சுவது எது என்பது கேள்வி. அமைதி கலைந்ததும் கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்தார். "ஃபிளெக்ஸ் பதாகைகள் எஞ்சுகின்றன. குப்பைமேட்டுக்குப் போகின்றன. அங்கே எரிகின்றன. அந்தப் புகையை மூச்சிழுப்பவர் யார் என்பது நமக்குத் தெரியும்" என்றார். தெரியும்! குப்பைமேட்டின் பக்கத்திலே குடியமர்த்தப்பட்டவர்கள் எந்தத் தெருவினர் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எவருடைய விடுதலைக்காக அந்தப் பதாகை எழுந்ததோ, அவருடைய நுரையீரலிலேயே அது சென்று அடங்குகிறது.

கைதூக்கச் சொல்லியிருந்தால் அன்றே முடிவாகியிருக்கும். ஆனால் அச்சடிக்கும் கடைக்காரரும் நம்மோடு அமர்ந்திருந்தார், இருபதாண்டுத் தோழர். அவர் மெல்ல எழுந்து, "தம்பி சொல்வது நியாயம். என் இயந்திரத்துக்குக் கடன் இருக்கிறது, வட்டிக்காரன் நியாயம் கேட்கமாட்டான்" என்றார். மாணவர் வாய் திறந்தார். ஒரு நிமிட விதி தடுத்தது. அந்த நிமிடம் முடிந்தபோது அவர் சொன்ன சொல், "அண்ணே, கடன் எவ்வளவு?" என்பதுதான்!

விவாதம் மூன்று ஞாயிறுகள் நீண்டது. முடிவு இது: நம் கூட்டங்களுக்குத் துணிப் பதாகை, சுவரெழுத்து, எழுதும் பணி அவருக்கே. துணிப் பதாகைகளைப் படிப்பகத்திலே வைத்திருந்து மீண்டும் பயன்படுத்துவது. இயந்திரக் கடனின் தவணைக்கு, ஆறு மாதங்கள் எல்லோரும் பகிர்ந்து தருவது. அவருடைய வருவாய் குறைந்தது, அதை மறைக்கமாட்டோம். பிற கட்சிக்காரர்களுக்கு அவர் இன்னும் ஃபிளெக்ஸ் அச்சடிக்கிறார், அதையும் மறைக்கமாட்டோம். ஊரின் குப்பைமேடு இன்னும் புகைகிறது. நகராட்சியிலே மனு கொடுத்திருக்கிறோம். அடுத்துப் போராட்டமும் உண்டு. ஆனால் இந்தப் போராட்டத்தில் அந்தத் தோழர் எதிர்வரிசையிலே நிற்கவில்லை. நம் வரிசையிலே நிற்கிறார்!

உட்கார்ந்து எண்ணினால் உலகம் மாறிவிடும் என்று நாம் சொல்லவில்லை. எண்ணினவர்கள் எழுந்து நடந்தபோதுதான் மாறிற்று. மாறியதும் கூட முழுமையாக மாறவில்லை. சட்டம் அடிமையை விடுவித்த அந்நாளிலேயே, 1834 முதல், மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கப்பலேற்றப்பட்டனர். 1860 இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், நம்மவரை நேட்டாலிலே இறக்கிற்று. சங்கிலி கழன்றது, ஒப்பந்தம் பூட்டப்பட்டது! கேள்வி கேட்பதை நிறுத்தினால், கொடுமை சட்டை மாற்றிக்கொண்டு திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனவே இளைஞர்களே, ஊர்தோறும் மன்றம் கண்டவர்கள் நீங்கள். அந்த மன்றங்களில் வாரத்தில் அரை மணி நேரத்தை ஒலிபெருக்கியிடமிருந்து மீட்டுத் தாருங்கள். ஒரு கேள்வியை நடுவே வையுங்கள்: நம் மன்றத்தைப் பெருக்குகிறவருக்குக் கூலி எவ்வளவு? நாம் குடிக்கும் தேநீரின் தோட்டத்திலே நாட்கூலி என்ன? நம் தெருச் சாக்கடை எந்த ஏரியிலே முடிகிறது, அந்த ஏரியின் கரையிலே யார் குடியிருக்கிறார்கள்? விடை கிடைத்ததும் எழுந்திருங்கள். விடைக்குரியவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். திறந்தால் பேசுங்கள், திறக்காவிட்டால் மறுவாரமும் தட்டுங்கள்!